மன்றாட்டுப் பெட்டி

சனிக்கிழமை ஏழரைக்கு
பெட்டியைத் திறப்பது என் முறை.
வள்ளவிளைக் கோயிலில் இந்த வாரம் பதினொரு சீட்டு.
ஒன்று ஐஸ் கம்பெனி பில்லின் பின்பக்கம்,
ஈரம் காயாமல்.

கிளீற்றஸின் மனைவி எழுதியிருக்கிறாள்:
கிஷ் தீவில் போட்டைக் கட்டிப் போட்டாச்சு,
அறபாபு நாலு மாசச் சம்பளம் தரணும்,
அந்த நாடு தோற்கக் கூடாது ஆண்டவரே.

அதே தெரு, குருசடிக்கு இந்தப் பக்கம்,
ரெஜின்மேரியின் அம்மா:
எனக்க மொவ ஹைஃபாவில் ஒரு கிழவியைக் குளிப்பாட்டுகிறாள்.
சைரன் கேட்டால் அவளைத் தூக்கிக்கொண்டு
மூணு மாடி இறங்குகிறாள்.
அவங்களுக்கே ஜெயம் கொடும்.

இருவரும் ஒரே பைப்பில் தண்ணீர் பிடிக்கிறவர்கள்.
செவ்வாய்க்கிழமையிலிருந்து
குடங்கள் மட்டும் பேசிக்கொள்கின்றன.

சூசபாக்கியத்துக்கு இருவரும் ஒன்றுதான்.
இருபது வருடம் முன்பு
வள்ளத்தைத் துளைத்து வந்த குண்டின் ஒரு துணுக்கு
இன்னும் அவர் தோளில் இருக்கிறது.
அந்தத் துப்பாக்கியை விற்ற நாடு எதுவென்று
யாரோ சொல்லிவிட்டார்கள்.
அந்தப் பெயர் டிவியில் வரும்போதெல்லாம்
சத்தத்தைக் கூட்டுகிறார்.
'அவன் விளங்காமப் போகட்டும்' என்பதை
மன்றாட்டில் எப்படிச் சேர்ப்பது?

டீசல் விலைக்காக மூன்று சீட்டு.
கவனமாக, எந்த நாட்டின் பெயரும் இல்லாமல்.
மார்த்தாண்டத்திலிருந்து கட்டிவந்த மருமகள்
சண்டை நிற்கவும்
அப்பாவின் ரப்பர் ஷீட் விலை இறங்காமல் நிற்கவும்
ஒரே மூச்சில் கேட்டிருக்கிறாள்.
மிச்சம் மூன்று: பரீட்சை, கல்லடைப்பு, வரன்.

எங்கள் வீட்டில் யாரும் வெளிநாட்டில் இல்லை.
அதனால்தான் இந்த வேலையை எனக்குத் தந்தார்கள்.
ஆனாலும் நான் பார்ப்பது ஒரே சானல்தான்;
மற்றதில் விளம்பரம் அதிகம்.
யார் பக்கம் நியாயம் என்று
எனக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு.

பதினோராவது சீட்டில் எழுத்தே கிடையாது.
ஒரு போன் நம்பர், முன்னால் 98.
போட்டுப் பார்த்தேன்.
பதிவுசெய்த பெண்குரல் ஒன்று
எனக்குத் தெரியாத மொழியில்
நிதானமாக எதையோ சொல்லி முடித்து
மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

'எல்லாத்தையும் சேத்து
உலக சமாதானத்துக்காகன்னு
ஒரு வரி எழுதும்மா' என்றார் பாதர்.
எழுதினேன்.

ஞாயிறு பூசையில் வாசித்தபோது
கேட்டருளும் என்றது கோயில் முழுக்க.
ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல் மட்டும் பிந்தி வந்தது.
பைப்படிக்காரிகள் இருவரும்
ஒரே பெஞ்சின் இரண்டு முனையில்.
நடுவில் பிள்ளைகளுக்கு
கால் நீட்டி உட்காரும் அளவு
இடம் கிடந்தது.