தொண்ணூற்று நான்காம் நிமிடம்

எல்லாப் படத்திலும் மாதா
கடைசியில்தான் முழுசாய்த் தெரிவாள்.
அதுவரை வெறும் காற்று, அசையும் முள்செடி,
மேலே பார்க்கும் ஒரு சிறுமியின் கழுத்து.
தொண்ணூறு நிமிடம் ஊர் அவளை நம்பாது.

அஹ்மதியில், கோயில் வளாகத்துப் பின்கூடத்தில்,
வெள்ளிக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து
ஆறு மணிக்குப் படம் போடுவது என் வேலை.
மற்ற நாளெல்லாம் ஏசி மெக்கானிக்.
பெயர் தஸ்நேவிஸ். பனிமாதாவின் பெயர்,
குளிரை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

திரை என்பது கேம்ப் கட்டிலின் விரிப்பு.
நடுவில் சலவைக்கடைக்காரன் மை வைத்த எண்
நாற்பத்தொன்று.
எந்தப் புனிதைக்கும் அது
நெற்றியிலோ தோளிலோ விழும்.

இத்தாலிப் படம், மலையாளக் குரல்,
தமிழ் எழுத்து தனிக் கோப்பு, அரை நிமிடம் பிந்தி ஓடும்.
'நீங்கள் யார் அம்மா?' என்று சிறுமி கேட்டது
போலீஸ்காரனின் மீசைக்கு அடியில் வரும்.
யாரும் குறை சொன்னதில்லை.
ஒரே ஒருதடவை, சூரியன் சுழன்றபடி
கீழே இறங்கி வந்த காட்சியில்
சாரம் கட்டும் வியாகுலம் சத்தமாய்ச் சொன்னான்:
'இன்னும் கீழயா? வேண்டாம் தாயே!'
கூடமே சிரித்தது. சாமியாரும்தான்.

கித்தேரியம்மாள் கதவோரம் உட்காருவாள்,
ஒரு கால் வெளியே நீட்டி.
ஏழே காலுக்கு அவள் வேலை செய்யும் வீட்டு வண்டி வரும்.
ஹாரன் ஒருதடவைதான். அதற்குள் எழுந்துவிடுவாள்.
இரண்டு வருஷத்தில் பத்தொன்பது படம் பார்த்தாள்,
ஒரு புதுமையும் பார்க்கவில்லை.
அவள் போகிற நேரத்துக்குச் சரியாக
ஏதோ ஒரு சிறுமியை ஏதோ ஓர் அறையில் நிறுத்தி
'பொய்யென்று சொல்லிவிடு' என்பார்கள்.
அவள் கணக்கில்
பத்தொன்பது பிள்ளைகளும் இன்னும் அங்கேயே நிற்கிறார்கள்.

அடுத்த வெள்ளி வந்து கேட்பாள்:
'வந்தாளா?'
'வந்தா.'
'எல்லாரும் பார்த்தாங்களா?'
'பார்த்தாங்க.'
'சரி' என்பாள்,
சம்பளம் அடுத்த மாதம் என்று கேட்டவளைப் போல.

தவக்காலத்துக்கு முந்தின வெள்ளியன்று
யாரிடமும் சொல்லாமல்
தொண்ணூற்று நான்கில் வைத்துத் தொடங்கினேன்.
பெயர் ஓடவில்லை, ஆடு மேயவில்லை,
எடுத்த எடுப்பில் ஒளி.
பாறைக்குள்ளிருந்து தண்ணீர்.
கல்லுடைக்கும் குருடன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு
தன் கையையே பார்த்தான்.
மாதாவின் மார்பில் நாற்பத்தொன்று மினுங்கியது.
'தலைகீழா ஓடுதுடே' என்றது முன்வரிசை.
சாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
நான் பென்டிரைவைப் பார்த்தேன்.
கதவோரம் பார்க்கத் துணிச்சல் இல்லை.

பிறகு முதலிலிருந்து போட்டேன்.
அதே ஆடு. அதே முள்செடி.
அதே அறை, மேசைக்குப் பின்னால் மூன்று ஆண்கள்.
பெற்றவளே விளக்குமாறை எடுத்தாள்.
ஹாரன்.

அடுத்த வாரம் சிரிப்போடு வருவாள் என்றிருந்தேன்.
'அண்ணே, புதுமைதான் நடந்து முடிஞ்சிட்டே.
தண்ணி வந்துச்சு, கண்ணு தெரிஞ்சுது,
ஊரே பார்த்துச்சு.
பெறவும் எதுக்கு அந்தப் பிள்ளைய அடிக்காங்க?'

வயரைச் சுற்றிக்கொண்டே நின்றேன்.
அவள் முன்கையில் இஸ்திரிப்பெட்டியின் மூக்கு பதிந்த தழும்பு.
தானாய்ப் பட்டது என்று போன மாதம் சொன்னாள்.
போன மாதம் நம்பினேன்.

அன்று ராத்திரி கேம்பில் உட்கார்ந்து
அந்த அறையை மட்டும் வெட்டி எடுத்தேன்.
இனி சிறுமி மலையிலிருந்து நேரே ஊற்றுக்குப் போவாள்,
நடுவில் யாரும் கூப்பிட மாட்டார்கள்.
ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை. தண்ணீர் பீறிட்டது.
சிறுமி குனிந்து முகம் கழுவினாள்.
எழுத்தை வெட்ட மறந்திருந்தேன்.
விரிப்பின் அடிவிளிம்பில், ஈரப் பாறைமேல்
வெள்ளையாய் வந்து நின்றது:
'யாரும் அடிக்கவில்லை. நானே விழுந்துவிட்டேன்.'

கித்தேரியம்மாள் அதை எழுத்துக்கூட்டி
வாய்விட்டு வாசித்தாள்.
கூடம் அவளைத் திரும்பிப் பார்த்தது.

வெளியே ஹாரன்.

பிறகு இன்னொரு ஹாரன்.