பன்னிரண்டு விநாடி

மைக்கின் பஞ்சுறையை
வாரம் ஒருமுறை ஷாம்பு போட்டு அலசுகிறேன்.
காசிமேட்டு ஏலத்தில் ஏறிய கவுச்சி
ஒருநாளும் முழுசாகப் போனதில்லை.
ஸ்டான்லி பிணவறை வாசலில்
அழுகிறவர் முகத்துக்கு நேராக
அதை நீட்டும்போது
கை கொஞ்சம் பின்னுக்கு வரும்.

ஸ்கூட்டர் தஸ்தகீருடையது.
ட்ரைபாட் என் மடியில் குறுக்காக.
கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டினால்
சரக்கு ரயில் பெட்டிகளை எண்ணுவோம்.
ஐம்பத்தெட்டு. நேற்று ஐம்பத்தாறு.
செய்தியின் முதல் வரியை
பெரும்பாலும் அங்கேதான் எழுதுகிறேன்,
உள்ளங்கையில், பேனாவால்.

இன்றைக்கு உப்புக்கிடங்கு மூன்றாவது தெரு.
அடிபம்பில் ஒன்பது நாளாகக் கறுப்புத் தண்ணீர்.
எங்களைப் பார்த்ததும்
குடங்கள் வரிசையாக வந்து நின்றன:
பச்சை, ஆரஞ்சு, வாய் உடைந்த ஒரு நீலம்.
கேமராவுக்கு எது வேண்டுமென்று
இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.
"இன்னாமா, மூஞ்சி தெரியறாப்ல நிக்கட்டா,
கொடம் தெரியறாப்லயா?" என்றாள் ரெஜினா.

நாற்பது நிமிடம் பேசினாள்.
மகனுக்கு நிற்காத வயிற்றுப்போக்கு.
கேன் தண்ணீர்க் கடையில் நீளும் கடன் நோட்டு.
பகுதி அலுவலகத்தில் காத்துக்கிடந்த
மூன்று செவ்வாய்க்கிழமைகள்,
அங்கே எதிரிலேயே காலியாக இருந்த நாற்காலி.
சொல்லிக்கொண்டே பம்பை அடித்து
டம்ளரில் பிடித்து என்னிடம் நீட்டினாள்.
"மோந்து பாரு."
மோந்தேன்.
மண்ணெண்ணெயும் முட்டை நாற்றமும்.
தஸ்தகீர் டம்ளருக்கு ஃபோகஸ் போட்டான்.
கேபிள் வழியே நாற்றம் போகாது.

ஒளிபரப்பில் அவளுக்குப் பன்னிரண்டு விநாடி.
செவ்வாய்க்கிழமைகள் மூன்றும் போயின.
நாற்காலி போயிற்று.
டம்ளர் தங்கியது.
திரையின் அடியில் சிவப்புப் பட்டையில்
'வடசென்னையில் பரபரப்பு' என்று ஓடியது.
போனில் சொன்னேன்:
பரபரப்பாக யாரும் இல்லை, சார்.
எல்லாரும் ரொம்ப நேரமாக
நின்றுகொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.
"அதுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, மாத்திடலாம்" என்றார்.
நல்ல மனுஷர், நிஜமாகவே காத்திருந்தார்.
நான் யோசித்து முடிப்பதற்குள்
நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு
லாரி வந்தது, மூன்றாவது தெருவுக்கு.
டிரைவர் கையில் ஒரு துண்டுச்சீட்டு,
அதில் அந்த ஒரு தெருவின் பெயர்.

நான் இருப்பது நான்காவது தெரு.
அதே குழாய், அதே கறுப்பு.
சொந்தத் தெருவைச் செய்தியாக்கக் கூடாதென்று
வேலைக்குச் சேர்ந்த வருஷம்
நானே போட்டுக்கொண்ட விதி.
நேர்மை என்று நினைத்திருந்தேன்.
கீழ்வீட்டு அமலோற்பவம்
மாடிப்படியில் வழிமறித்தாள்.
"ஊர்ல இருக்கறவன் கஷ்டத்தையெல்லாம்
பேசிகினு வர்ற.
நம்ம வூட்டுத் தண்ணி உனக்கு நியூஸ் இல்லியா?"

பதில் வரவில்லை.
இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு போய்
மூன்றாவது தெரு வரிசையின் வாலில் நின்றேன்.
ரெஜினா பார்த்துவிட்டாள்.
முன்னால் கூப்பிடுவாளோ என்று பயமாக இருந்தது.
கூப்பிடாமல் போனால் என்ற பயமும்
பக்கத்திலேயே இருந்தது.
"லைன்ல வா" என்றாள்,
எல்லாரிடமும் சொல்கிற அதே குரலில்.

என் முறையில் லாரிக் குழாய்
செருமியது, இருமியது, நின்றது.
ஒரு குடம், அதுவும் முக்கால்.
தஸ்தகீருக்குப் போன் போட்டேன்.
ஆமா, இன்னைக்கு என் தெரு.
இல்லடா, விளையாட்டுக்குச் சொல்லல.
கேட்டுக்குப் போக வேண்டாம், நேரா வூட்டுக்கு வா.

முதல் வரிக்காக
உள்ளங்கையைத் திறந்து பேனாவை வைத்தேன்.
குடம் தூக்கிய கை, ஈரம்.
மை பிடிக்கவில்லை.