மூன்றாம் பக்கத்தில் தேதி

நித்திலா,
மாறி வருகிறவர்களுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்
துறை அலுவலகத்துத் திருவாட்டி ஓங்.
எளிமையாக, பயமுறுத்தாமல், ஆங்கிலத்தில்.
கொடுத்துவிட்டேன்.
இது அதில் இடம் கிடைக்காதது.

முதலில் கணக்கு.
மின்பொறியியலில் நான் சேர்த்தது ஐம்பத்திரண்டு புள்ளி.
புவியியல் எடுத்துக்கொண்டது இருபது.
'விருப்பப் பாடம்' என்ற கட்டத்தில் ஒரு எட்டைக் கொட்டினார்கள்.
மீதி இருபத்துநான்கு எங்கே என்று கேட்காதே.
நான் கேட்டேன்.
மின்காந்தப் புலங்கள்,
விடிய விடிய உட்கார்ந்து பி மைனஸ் வாங்கிய பாடம்,
பதிவேட்டில் இப்போது வெறும் பெயர்.
ஆனாலும் ஈசூன் ரயிலில் நிற்கும்போது
வெளியே மின்னல் வெட்டினால்
சமன்பாடு தானாக நினைவுக்கு வருகிறது,
புள்ளி கேட்காமல்.

பழைய பாடங்களின் விவரத்தை
வாரம் வாரமாகக் கேட்பார்கள்; தலைப்பு போதாது.
உன் பழைய கணக்கை மூடும் முன்
எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்.

டுடோரியலில் எல்லாரும் உன்னைவிடச் சின்னவர்கள்.
பெயர், வீடு எங்கே, பிடித்த வரைபடம்
என்று சுற்றி வந்தது.
நான் ஒரு சர்க்யூட் போர்டைச் சொன்னேன்.
யாரும் சிரிக்கவில்லை.
டாக்டர் க்வா மட்டும் எதையோ குறித்துக்கொண்டார்,
என்னவென்று இன்றுவரை தெரியாது.

ஏன் மாறினாய்?
ஒன்பது பேர் கேட்டார்கள், ஒன்பது பதில் சொன்னேன்.
எதுவும் பொய்யில்லை.
அம்மாவிடம், வேலை கிடைக்கும் என்றேன்.
படிவத்தில் ஐந்நூறு சொல்லுக்குள் பருவநிலை என்றேன்.
நடந்தது இவ்வளவுதான்:
ஒருநாள் காலை எட்டு மணி ஆய்வகத்தில்,
திரையில் ஓடிய அலையை விட்டுவிட்டு,
மேற்கிலிருந்து சுமத்ராக் காற்று
மழையைத் தள்ளிக்கொண்டு வருவதை
ஜன்னலில் பார்த்தபடியே நின்றேன்.
பக்கத்திலிருந்தவன் என் அளவீட்டையும் சேர்த்து எழுதினான்.

விட்டு வந்த இடத்தை
இன்னும் விடவில்லையே என்று வெட்கப்படாதே.
முதல் மாதம் முழுக்க
கழிவறைக்குக்கூடப் பொறியியல் கட்டடத்துக்கே நடந்தேன்.
எந்தக் குழாய் ஒழுகும் என்று தெரிந்த இடம்.
அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில்
இன்னும் இருக்கிறேன்.
முந்நூறு செய்தி படிக்காமல் கிடக்கிறது.
யாரோ மல்டிமீட்டரைத் தொலைத்துவிட்டார்கள்.

விடுமுறையில் எட்டு வாரம்
பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில்
பெட்டி எண் சரிபார்த்தேன்.
பெரும்பாலானவை இந்த ஊருக்கு வந்தவை அல்ல.
ஒரு கப்பலில் இறங்கி, இரண்டு நாள் வெயிலில் கிடந்து,
இன்னொன்றில் ஏறிப் போகும்.
யாரும் திறந்து பார்ப்பதில்லை.
எண் சரி, எடை சரி, போகலாம்.
துறை என்றால்
வந்து சேரும் இடம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்:
படிவத்தின் மூன்றாம் பக்கம், கீழே வலப்புறம்,
தேதிக்கென்று ஒரு குட்டிக் கோடு.
கண்ணில் படாது.
நான் போடவில்லை.
பொறியியல் என்னை விடுவித்துவிட்டது.
புவியியல் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டது.
ஒன்பது நாள் நான் எந்தத் துறையிலும் இல்லை.
நூலக வாசலில் அட்டையைத் தொட்டால் சிவப்பு.
காவலர் இரண்டு முறை பார்த்தார்,
மூன்றாம் முறை நானே திரும்பிவிட்டேன்.

கெண்ட் ரிட்ஜ் மேட்டில் ஒரு பெஞ்சு,
மரங்களுக்கு நடுவே ஒரு துண்டுக் கடல்.
இடம் கிடைக்காத கப்பல்கள்
தூரத்தில் நங்கூரமிட்டு நின்றன.
எண்ணினேன். பதினேழு.
மறுநாள் இருபத்தொன்று.
கோப்பிக் கறை பட்ட நோட்டில் குறித்தேன்,
காற்று வந்த திசையோடு, நேரத்தோடு.
யாரும் கேட்கவில்லை,
எந்தப் பாடத்துக்கும் அல்ல.
பத்தாம் நாள் அட்டை பச்சை காட்டியது.
அன்றும் முதலில் மேட்டுக்குத்தான் போனேன்.

திருவாட்டி ஓங்கின் பக்கத்தில்
இதெல்லாம் ஒரே வரி:
எல்லா இடங்களிலும் தேதியிடவும்.
நல்ல அறிவுரை.
போட்டுவிடு.