எதிர்மனுதாரர்

மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு எதிரே
டைப்பிங் கடையில் பதினோரு வருஷம்.
'பாத்தியதை' பிடிக்கும்,
ஆறிய பாயசம் மாதிரி விரலில் ஒட்டும்.
'வகையறா' ஒரு கோணிப்பை,
பங்காளிகள் ஏழு பேரும் உள்ளே மூச்சுவிடுவார்கள்.
'ஜப்தி' கதவிடுக்கில் நசுங்கின சுண்டுவிரல்.

வேலை இல்லாதபோது
கெடிலம் கெடிலம் என்று முணுமுணுப்பேன்.
நாக்கு ஒருதரம் மேலே முட்டி
வழுக்கிக் கீழே வந்துவிடும்,
ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டாலும்.

நேற்று என் மனுவை நானே அடித்தேன்.
விவாகரத்து.
கடைசியில் தொங்கும் ரத்தை இப்போதுதான் கேட்டேன்:
புயல் நாளில் திருப்பாப்புலியூர் ஸ்டேஷன்
ஒலிபெருக்கியில் வருகிற அதே ரத்து.

பெயர் முதல் பத்தியில் ஒருமுறைதான்.
பிறகெல்லாம் எதிர்மனுதாரர்.
முடிகிற இடத்தில் அடுத்தடுத்து இரண்டு ர,
ஷட்டர் இறங்குகிற சத்தம்.

துரைக்கண்ணு.
வெளியில் 'அவர்' என்றுதான் சொல்வேன்.
கதவு சாத்திய பிறகு, பதினான்கு வருஷத்தில்
எண்ணி ஒரு பத்து தடவை
அந்த ண்ணுவை இழுத்துக் கூப்பிட்டிருப்பேன்.
சூடு டீ பட்ட மேலண்ணம் மாதிரி
ரெண்டு நாளைக்கு இருக்கும்.

ஆறு இடத்தில் எதிர்மனுதாரர் சரியாக விழுந்தது.
ஏழாவதில் விரல் பெயரை அடித்துவிட்டது.
வக்கீல் புஷ்பவல்லி மேடம் பார்த்தால் திருத்தச் சொல்வார்.
இன்னும் பிரிண்ட் எடுக்கவில்லை.