இரண்டு நாற்பத்தேழு

பிரவுன்ஷ்வைக்கில் கடைசி டிராம் போன பிறகுதான்
வீப்கேவின் தராசு உண்மை பேசும்.
பகலில் லாரி, லிஃப்ட், எதிர் அறையில் தும்முகிற பேராசிரியர்,
எல்லாரையும் கொஞ்சம் கொஞ்சம்
சேர்த்து நிறுத்துவிடும்.

ஆகவே இரவு.
காற்றை உறிஞ்சிய கூண்டுக்குள்
யாரும் விற்காத, யாரும் வாங்காத
வெறும் ஒரு கிலோ.

"கிலோன்னா கிலோதானே,
தேயிலைக் கடைக்காரரே நிறுத்துத் தருவாரே" என்று
லேயர் ஊரிலிருந்து அம்மா போனில்.
ஏழெட்டு தசமம் தாண்டினால் எந்தக் கிலோவும் கிலோ இல்லை, அம்மா.
எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.
இருபத்து நான்கு மாதச் சம்பளம்.

பத்தொன்பதாம் மாதம் அது வந்தது.
இரவு இரண்டு நாற்பத்தேழுக்கு
வரைபடத்தில் ஒரு சிறு திமில்.
இம்மிக்கும் இம்மி.
பம்பைக் கழற்றி மாட்டினாள்.
காந்தத்தை, கேபிளை, தன் மூச்சையே சந்தேகித்தாள்.
ஓக்கர் ஆற்றின் நீர்மட்டத்தைக்கூட எடுத்து ஒப்பிட்டாள்.
மூன்று வாரம்.
ஞாயிறுகளில் மட்டும் திமில் இல்லை.
வெப்பத்துக்கு ஞாயிறு தெரியாது.
காந்தத்துக்கும் தெரியாது.

செவ்வாய் இரவு, காலணியைக் கழற்றிவிட்டு
வெறும் காலுறையோடு படி ஏறினாள்.
மேல்தளத் தாழ்வாரத்தில் ஸோரான் பெட்கோவ்ஸ்கி
தரை மெருகேற்றும் இயந்திரத்தை
முரட்டு நாயை நடத்துவதுபோல்
நடத்திக்கொண்டிருந்தார்.

விளக்கினாள். இயந்திரத்தை அணைத்தார்.
"டிசம்பரிலிருந்து இந்தத் தளமும் என் தலையில்.
என்னையா பார்த்தது உங்கள் தராசு?"
"மூன்று வாரமாக."
"பதினோரு வருஷத்தில் இந்த வளாகத்தில்
என்னைக் கவனித்த முதல் ஆள்."
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.
அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆறு மணிக்கு மேல் தேய்த்துக்கொள்கிறேன்.
உங்கள் வேலை எதுவரை?"
"மே முப்பத்தொன்று."
"இரவில் எத்தனை மணி வரை என்று கேட்டேன்."
"ஓ."

அவருக்கு நிரந்தர வேலை, போன வருஷம்தான் உறுதியானது.
அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தவர்போல்
ப்ளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றி நீட்டினார்.
ஆறியிருந்தது.

கட்டுரையின் நான்காம் அட்டவணையில் இப்போது
வெப்பம் இவ்வளவு, காந்தம் இவ்வளவு,
தரை அதிர்வு: புறக்கணிக்கத்தக்கது.
அவரை நினைத்து அந்தச் சொல்லை மாற்றப் பார்த்தாள்.
துறையில் வேறு சொல் இல்லை.

பக்கத்துத் திரையில் விண்ணப்பங்கள்.
டெடிங்டன், டூரின், ட்ஸுகுபா.
மறுபடி இரண்டு வருஷம்,
மறுபடி மூன்று பரிந்துரைக் கடிதம்,
மறுபடி ஒரு வாடகைக் கட்டில்.
ஐந்தாண்டு கழித்து எங்கே இருப்பீர்கள்
என்ற பெட்டியில் கர்சர் துடிக்கிறது.

பழக்கதோஷத்தில் முதலில்
கூட்டல் கழித்தல் குறியைப் போட்டுவிட்டாள்.
அதற்கு முன்னால் எழுத வேண்டிய
எண்ணைத்தான் காணோம்.