ஏழாம் கட்டிலுக்கு எழுதிக் கொடுத்தது

மாத்திரைச் சீட்டின் பின்பக்கம்தான் கிடைத்தது,
கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள் சுடலைக்கண்ணு அண்ணாச்சி.
ஆறு வாரம் காலில் மணல்மூட்டையைத் தொங்கவிட்டு
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மின்விசிறியையே பார்க்க முடியாது,
சரித்திரமாக நாலு சொல்லுங்கள் சிஸ்டர் என்றீர்கள்.

முதலில் அந்தப் பாண்டியன் தொடர்.
இருநூற்றுப் பத்துப் பகுதி. பயப்படாதீர்கள்,
முதல் இருபதைத் தாண்டிவிடுங்கள்.
அரசன் குதிரையில் ஏறிக்கொண்டே இருப்பான்,
ஏறி முடிப்பதற்குள் மூன்று விளம்பரம் வரும்.
தளபதியின் புஜத்தில் அம்மை குத்திய தழும்பு தெரியும்.
மன்னித்துவிடுங்கள்,
அவனும் ஏதோ ஒரு சுகாதார நிலையத்தில்
தாயின் இடுப்பில் இருந்து அலறியவன்தான்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில்.
முத்துக் குளிக்கிறவனிலிருந்து
கொட்டார வாசலில் ஈட்டி பிடிக்கிறவன் வரை
எல்லோருக்கும் ஏட்டுத் தமிழ்.
தென்பாண்டிச் சீமையில் ஒருத்தன்,
அம்பு தைத்த அந்த நொடியிலாவது
"ஏ எய்யா" என்று கத்த மாட்டானா?

ஆனாலும் இருபத்தேழாம் பகுதி.
பேர்கூட வைக்காத ஒரு சமையல்காரி
போருக்கு முந்தின இரவு
நாற்பது மரக்கால் அரிசி அளந்து உலையில் போடுவாள்.
மறுநாள் இரவு மறுபடி அளப்பாள்.
பதினெட்டில் கை நின்றுவிடும்.
யாரும் வந்து ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.
இசை போடுகிறவர் அன்றைக்கு லீவு போல,
நல்லவேளை.

இந்த எலும்பு வார்டுக்கு வருமுன்
பொது மருத்துவத்தில் ஒன்பது வருஷம் இருந்தேன்.
சாயங்காலம் சமையல்கட்டிலிருந்து போன் வரும்,
"எத்தனை ரொட்டி?"
இதற்குமேல் எழுதினால்
நீங்கள் இன்றைக்கு ரொட்டி சாப்பிடமாட்டீர்கள்.

எங்கள் மேலப்பாளையத்தில் தெருவே பார்க்கிறது ஒன்று,
கடல்தாண்டிய சுல்தானைத் தமிழ் பேசவைத்தது.
வாய் மூடிய பிறகும் வசனம் வந்துகொண்டிருக்கும்.
கிண்ணத்தில் விஷம் கலக்கிற பகுதி வந்த அன்று
எங்கள் வீட்டில் யாரும் சர்பத் தொடவில்லை,
என் மாமியார் மட்டும் இரண்டு தம்ளர் குடித்தார்.
பொழுதுபோக்குக்கு அது.

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி ஒரு ஆவணப்படம்,
ஐம்பது நிமிஷம். படமென்று ஒன்றும் இல்லை.
ஒரு கணக்குப்பிள்ளையின் நோட்டு, வாசிக்கிற பெண்குரல்.
கஞ்சித்தொட்டிக்கு வந்தவர் இத்தனை,
மறுநாள் வந்தவர் இத்தனை.
ஓரிடத்திலும் அந்தக் குரல் உடையாது.
உடைந்திருந்தால் அணைத்திருப்பேன்.
சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம், பின்னாலும் வேண்டாம்.
கட்டு மாற்றுகிற நேரத்தில் பாருங்கள்,
எது வலி என்று காலுக்கே சந்தேகம் வரும்.

கடைசியாக, தொண்ணூற்றிரண்டு வெள்ளம்.
வண்ணார்பேட்டைக் கல்யாண வீடியோக்காரர் ஒருவர்
மொட்டைமாடியில் நின்று எடுத்தது.
கைப்பழக்கம் விடுமா,
காட்சிக்குக் காட்சி திரை இதயவடிவில் விரியும்.
சிரித்துவிட்டேன்.
அப்புறம் அந்த இதயத்துக்குள்
ஒரு மாடு மிதந்து போயிற்று,
கழுத்தில் கயிறோடு, கயிற்றின் நுனியில் முளைக்குச்சியோடு.

சீட்டு இங்கே முடிந்தது.

பன்னிரண்டாம் நாள் இரவுப் பணியில்
ஏழாம் கட்டிலில் போன் வெளிச்சம்.
சமையல்காரியைப் பார்த்தீர்களா என்றேன்.
"இன்னும் அங்கன போகல சிஸ்டர்.
நீங்க தாண்டச் சொன்னதத்தான் பாக்கேன்,
ரெண்டாவது தடவை."
குதிரை ஏறுவதையா?
"பன்னண்டு சக்கர வண்டி ஓட்டுதவன்லா நான்.
கங்கைகொண்டான் விலக்குல கவுந்ததுலருந்து
கேபின்ல எப்படி ஏறப்போறம்னே ரோசனை."

திரையை என் பக்கம் திருப்பினார்.
அரசன் பாதி உயரத்தில் உறைந்து நின்றான்.
"இங்கன பாருங்க,
இடது காலை எங்க ஊணுதான்னு."