பாதாம் அல்ல

'உடனடி வெளியீட்டுக்கு' என்று மேலே எழுதினேன்.
யாருக்கு என்ன அவசரம்?
ஜெலுத்தோங்கில் அன்றைக்கும் மழை.
கடைக்குள் காயாத சப்பாத்து முப்பத்தொரு ஜோடி,
வாடகைக் கெடு தாண்டி ஒன்பது நாள்.
மலாயில் சப்பாத்தைக் காசுத் என்பார்கள்,
காசு இருக்குமென்றுதான் இறங்கினேன்.

'மலேசியாவின் தலைசிறந்த காலணிச் சலவையகம்
பெருமையுடன் அறிவிப்பது யாதெனில்'
யாதெனில்லுக்குப் பிறகு
அறிவிக்க ஒன்றும் வரவில்லை.
ஆனாலும் அனுப்பினேன், மூன்று மொழியில்,
ஐந்து பத்திரிகைக்கு, திங்கட்கிழமை காலை.
திங்கட்கிழமைதான் எல்லாரும் அனுப்புவார்கள் என்று
பிறகு தெரிந்தது.

பத்து நாள் பொறுத்து நானே அழைத்தேன்.
எடுத்தவர் குணசீலன், செய்திப் பிரிவு.
எதையோ மென்றுகொண்டே கேட்டார்:
"இதுல செய்தி எங்கம்மா இருக்கு?"
சப்பாத்தை வெள்ளையாக்குறோம் சார்.
"அது உங்க வேலை. செய்தி எங்க?"
நான் பேசவில்லை. அவர் மென்று முடித்தார்.
"யாரும் திரும்ப வாங்காத சப்பாத்து இருக்கா?"

இருந்தது.
மேல் தட்டில், பெயர்ச் சீட்டோடு, இருபத்திரண்டு ஜோடி.
வேலை மாறிப் போனவர்கள்,
இரண்டு வெள்ளிக்குக் கோபித்துப் போனவர்கள்,
கூட ஓடியவர் இனி வரமாட்டார் என்று
ஓட்டச் சப்பாத்தை என்னிடமே விட்டுவிட்ட ஒருத்தி.
சின்ன அளவில் ஒன்று, நீலம்.
அந்த எண்ணுக்கு மட்டும்
அழைக்கப் பயந்து நாலு மாதம் வைத்திருக்கிறேன்.

அதை எழுதினேன்.
'தலைசிறந்த' போயிற்று. 'பெருமையுடன்' போயிற்று.
உரியவர்கள் வரலாம், கட்டணம் வேண்டாம்.
ஏழே வரி.
கூட ஒரு படம், என்னிடம் வேலை செய்யும் ஹஸ்னா
ஏணியில் நின்று கைப்பேசியில் எடுத்தது.

வெள்ளிக்கிழமை வந்தது, பதினாறாம் பக்கம்,
நினைவஞ்சலிகளை ஒட்டினாற்போல்.
கடையின் பெயர் 'பளிச் பாதம்'.
அச்சில் ஒரு துணைக்கால் கூடுதலாய் முளைத்து
'பளிச் பாதாம்'.

முதல் அழைப்பு எட்டே காலுக்கு:
"கிலோ எவ்வளவு?"
அடுத்தது பட்டர்வொர்த்திலிருந்து:
"தீபாவளிக்கு மொத்தமா எடுத்தா குறைப்பீங்களா?"
மூன்றாவது ஆளிடம் கத்தினேன்.
நாலாவதற்குள் குரல் தீர்ந்துபோய்,
பாதாம் இல்லக்கா,
அழுக்குச் சப்பாத்து இருந்தா கொண்டாங்க என்றேன்.
சிரித்தாள். சாயங்காலம் வந்தாள்,
மகன்களின் காற்பந்துச் சப்பாத்து இரண்டு பை நிறைய.

குணசீலன் அழைத்து மன்னிப்புக் கேட்டார்.
"சின்னப் பிழைதானே, விட்டுடலாமா?"
விடக்கூடாது சார். திருத்தம் போடுங்க.
விலாசத்தோட, விலையோட.
முடிஞ்சா மூணாம் பக்கத்துல.
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
"தொழில் கத்துக்கிட்டீங்க," என்றார்.

எடுத்துப் போனவர்கள் பதினொரு பேர்.
நீலத்துக்கு யாரும் வரவில்லை.

நேற்று ஒருவர்
ஐந்தடியில் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு,
பாதாம் கடை இதுதானே என்றார்.
இதுதான் என்றேன்.
பையிலிருந்து எடுத்தது ஒற்றைச் சப்பாத்து, வலது.
"ஜோடி பன்னிரண்டு வெள்ளின்னு போட்டிருந்துச்சு.
அப்ப ஆறுதானே?"

ஆறுதான்.
ரசீதில் எண்ணிக்கை என்ற இடத்தில்
அரை என்று எழுதிய ஹஸ்னா
அதை அடித்துவிட்டு
ஒன்று என்று எழுதினாள்.

இரவு, கதவை இறக்கியபின்,
கணினியைத் திறந்து
'உடனடி வெளியீட்டுக்கு' என்று தட்டினேன்.
ஊர், தேதி.
இதில் செய்தி இருந்தது.
குணசீலன் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் படிப்பார்.

சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.
நாக்கு இன்னும் ஈரம், உள்ளே அளவு எண் எட்டு.
திரையை மூடிவிட்டு
மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினேன்.